அத்தியாயம் 6: ஆய்வு முடிவைப் பெற்றோரிடம் சொல்வது எப்படி? (கிட்டப்பார்வையை வைத்து ஒரு பாடம்)

பள்ளிக் கண் பரிசோதனையில் பெயர் வந்த பிள்ளையின் அம்மா மறுநாள் உங்களைத் தேடி வருவார். “கண்ணாடி போட்டா பவர் ஏறிட்டே போகுமாமே, நிஜமா சிஸ்டர்?” என்பார். “போனைப் பிடுங்கி வெச்சுட்டா சரியாயிடுமா?” என்பார். “இவன் தம்பிக்கும் வருமா?” என்பார். மூன்று கேள்விகளையும் யாரோ எங்கோ ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் எதற்கும் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. கிடைத்திருக்கும் பதிலை, அதன் அளவும் உறுதியும் கெடாமல், அந்த அம்மா வீட்டுக்குப் போய்த் தன் கணவரிடமும் மாமியாரிடமும் திருப்பிச் சொல்லும்படியான தமிழில் எடுத்துக் கொடுப்பதற்கு இந்த அத்தியாயம் பழக்குகிறது.

ஆசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், கண் முகாம்களில் வேலை செய்பவர்கள், இதழ்களில் மருத்துவம் எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். எடுத்துக்காட்டாகக் குழந்தைகளின் கிட்டப்பார்வையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவசரமான ஒரு முடிவு ஊரெல்லாம் பரவியது, அது திருத்தப்பட்டது, பிறகு கவனமாகச் செய்த சோதனைகள் வந்தன என்று மூன்று கட்டங்களையும் இந்த ஒரு துறையிலேயே பார்க்கலாம். முறை கைவந்துவிட்டால் தடுப்பூசி, தூக்கம், உணவு என எதைப் பற்றிய ஆய்வுக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், கரும்பலகை மங்கும். பெரும்பாலும் கண்விழி வளரும்போது முன்பின்னாகத் தேவைக்கு மேல் நீண்டுவிடுவதே இதற்குக் காரணம். சினிமாக் கொட்டகையில் திரையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டால் படம் திரைக்கு முன்னாலேயே கூர்மையாகி, திரையில் விழும்போது கலங்கிப் போகுமல்லவா, அதுதான் கண்ணுக்குள் நடக்கிறது. நீண்ட கண் திரும்பச் சுருங்காது. அதனால்தான் வருமுன் காப்பதைப் பற்றி இத்தனை ஆய்வுகள். டெல்லிப் பள்ளிகளில் 5 முதல் 15 வயது வரையிலான 9,884 பிள்ளைகளைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் 13.1 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது.

1. முடிவோடு வழியையும் சொல்லுங்கள்

1999 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, கண் மருத்துவப் பிரிவுக்கு வந்த 479 பிள்ளைகளின் பெற்றோரிடம், “இரண்டு வயதுக்குள் உங்கள் குழந்தை இரவில் எப்படித் தூங்கியது?” என்று கேட்டிருந்தது. இருட்டறையில் தூங்கியவர்களில் 10 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை. சிறிய இரவு விளக்கோடு தூங்கியவர்களில் 34 சதவீதம். அறை விளக்கே எரிய, அதில் தூங்கியவர்களில் 55 சதவீதம். இது விளக்குதான் காரணம் என்று நிறுவவில்லை என்பதை ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். ஆனாலும் ‘இரவு விளக்கு குழந்தையின் கண்ணைக் கெடுக்கும்’ என்ற செய்தி உலகம் முழுக்கப் போயிற்று.

2000 மார்ச்சில் அதே இதழில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழுவும் பாஸ்டனிலிருந்து இன்னொரு குழுவும் தங்கள் கணக்கை வெளியிட்டன. அவர்கள் பார்த்த பிள்ளைகளிடம் விளக்குக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு தென்படவில்லை. வேறொன்று தென்பட்டது: கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் குழந்தையின் அறையில் அதிகமாக விளக்கு எரியவிட்டிருந்தார்கள். கிட்டப்பார்வை குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அப்படியானால் முதல் ஆய்வில் விளக்கின் பேரில் விழுந்த பழி, உண்மையில் பெற்றோரின் கண்ணிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இதே செய்தி இரண்டு வீடுகளுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில், “ராத்திரி விளக்கு போடாதீங்க, கண்ணு கெட்டுடும்” என்று மட்டும் சொன்னோம். அடுத்த ஆண்டு, “பரவாயில்லை, போடலாம்” என்கிறோம். அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? “இவங்க நேத்து ஒண்ணு சொல்வாங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க.” நாளை நாம் தடுப்பூசியைப் பற்றிப் பேசினாலும் இந்தச் சந்தேகம் முன்னால் வந்து நிற்கும்.

இரண்டாவது வீட்டில் முதல் தடவையே இப்படிச் சொல்லியிருந்தோம்: “கண் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்ட, பழைய ஞாபகத்துலேர்ந்து சொல்லச் சொல்லிக் கேட்டிருக்காங்க. விளக்கு போட்டுத் தூங்கின பிள்ளைங்களுக்கு அதிகமா இருந்திருக்கு. ஆனா விளக்காலதான் வந்துச்சான்னு தெரியலை. அந்த அப்பா அம்மாவுக்கே கண்ணாடி இருந்துச்சான்னு பார்க்கணும்.” இங்கே ஓராண்டு கழித்து வரும் திருத்தம் பல்டி அடித்ததாகப் படாது. சொன்ன வேலையை முடித்துக்கொண்டு வந்தார்கள் என்று தோன்றும்.

இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி இதிலிருந்து வருகிறது. முடிவை மட்டும் சொன்னால் பெற்றோர் அதை நம்பலாம் அல்லது தள்ளலாம், வேறு வழியில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை ஓரிரு வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னால், எவ்வளவு நம்பலாம் என்பதை அவர்களே எடைபோடுவார்கள். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம். காய்கறிக்காரர் சொல்லும் விலையையே நாலு இடத்தில் விசாரித்துப் பழகியவர்கள் அவர்கள்.

2. கேள்விக்கு அடியில் இருக்கும் பயத்தைக் கேளுங்கள்

பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கேளுங்கள். “பவர் ஏறுமா?” என்ற கேள்விக்கு அடியில், பெண் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டால் கல்யாணப் பேச்சில் இடிக்குமோ என்ற கவலை இருக்கலாம். பையனைக் காவல்துறைக்கோ ராணுவத்துக்கோ அனுப்ப நினைத்திருக்கும் அப்பாவாக இருக்கலாம். சமைக்கும் நேரத்தில் பிள்ளை அழாமலிருக்கப் போனைக் கொடுத்த தாய், ‘நானே கெடுத்துட்டேனோ’ என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆய்வைக் கொட்டினால் காதில் ஏறாது. “உங்களுக்கு இதுல எதை நினைச்சு பயமா இருக்கு?” என்று நேராகக் கேட்டுவிடலாம். பதில் கிடைத்ததும் எந்த ஆய்வை எடுத்துச் சொல்வது, எதை விடுவது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

குற்றவுணர்ச்சியோடு வந்தவரிடம் முதல் வாக்கியத்தில் அந்தச் சுமையை இறக்குங்கள். “இது ஒரு காரணத்தால வர்றதில்லைம்மா. பரம்பரையும் இருக்கு, பழக்கமும் இருக்கு. இனிமே என்ன செய்யலாம்னு பார்ப்போம்.” பழியைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் உங்கள் அடுத்த வாக்கியத்தைக் கேட்க மாட்டார்.

3. ஆய்வைக் கையில் எடுத்ததும் ஐந்து கேள்விகள்

சொல்வதற்கு முன் நாம் புரிந்துகொள்ள வேண்டும். ‘வெளியில் விளையாடினால் கிட்டப்பார்வை குறையும்’ என்று ஒரு செய்தி வருகிறது. அதன் வேரைத் தேடினால் இரண்டு முக்கிய ஆய்வுகள் கிடைக்கும்.

முதலாவது 2008இல் வெளியானது. சீன வம்சாவளியைச் சேர்ந்த 6, 7 வயதுப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதத்தினருக்கு மட்டும். பெற்றோரிடையே கிட்டப்பார்வை இரண்டு ஊர்களிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சிட்னிப் பிள்ளைகள் புத்தகமும் குறைவாகப் படிக்கவில்லை, அதிகமாகவே படித்தார்கள். பெரிய வித்தியாசம் வெளியில் இருந்த நேரத்தில்தான்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம்.

கணக்கு கவர்ச்சியானது. ஆனால் இரவு விளக்குக் கதையில் பட்ட அடி நினைவிருக்கட்டும். இரண்டு ஊர்களுக்கிடையே வெளிநேரம் தவிர இன்னும் எத்தனையோ வேறுபாடுகள் இருக்கும். பள்ளியில் சேரும் வயது, பாடச்சுமை, வீட்டின் அமைப்பு என்று அடுக்கலாம். ஆகவே அடுத்த கட்டம் தேவைப்பட்டது: வெளிநேரத்தை மட்டும் நாமே கூட்டிப் பார்த்தால் என்ன ஆகும்?

அதைச் செய்தது சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த சோதனை. 2015இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ‘ஜாமா’வில் வெளியானது. இதை ஐந்து கேள்விகளால் திறப்போம்.

*யாரிடம் செய்தார்கள்?* 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம். சராசரி வயது ஆறரையைச் சற்றே தாண்டியது. பெரும்பாலோருக்கு அப்போது கிட்டப்பார்வை இல்லை.

*எத்தனை பேர்?* சுமார் 1,900 பேர்.

*யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்?* எந்த ஆறு பள்ளிகள் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஆறு பள்ளிகளில் பள்ளி நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும்படி பெற்றோரையும் கேட்டுக்கொண்டார்கள். மற்ற ஆறு பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன. குலுக்கிப் போட்டதால், கண்ணாடி போட்ட பெற்றோரின் பிள்ளைகளெல்லாம் ஒரே பக்கம் குவிந்துவிடும் வாய்ப்பு குறைந்தது. இரவு விளக்கு ஆய்வில் இருந்த ஓட்டை இங்கே அடைபட்டது இதனால்தான்.

*எதை அளந்தார்கள், எவ்வளவு காலம்?* மூன்று ஆண்டுகள். அதற்குள் எத்தனை பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது என்பதுதான் முதன்மைக் கணக்கு.

*என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை?* கூடுதலாக வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதத்தினருக்கு வந்தது, மற்றவற்றில் 39.5 சதவீதத்தினருக்கு. ஆனால் கண்விழி நீண்ட அளவில் இரண்டு பக்கத்துக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஐந்தாவது கேள்வியின் இரண்டாம் பாதியைச் செய்திகளில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நீங்கள் விடக் கூடாது. எல்லாப் பெற்றோரிடமும் சொல்லாவிட்டாலும் கையில் வைத்திருக்க வேண்டும்.

4. சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

குவாங்சோ முடிவை, ‘வெளியில் விளையாடினால் கிட்டப்பார்வை 23 சதவீதம் குறையும்’ என்று எழுதலாம். 39.5இல் 9.1 குறைந்தது ஏறத்தாழ 23 சதவீதம்தான்; கணக்கில் பிழை இல்லை. ஆனால் கேட்கும் அப்பா என்ன புரிந்துகொள்வார்? தன் மகளின் பவர் கால்வாசி இறங்கிவிடும் என்று புரிந்துகொள்ளக்கூடும். அல்லது நூறு பேரில் 23 பேர் தப்பிப்பார்கள் என்று நினைக்கலாம். இரண்டும் தவறு.

இதையே ஆட்களாகச் சொல்லிப் பாருங்கள்: “நூறு பிள்ளைங்க வழக்கம்போல இருந்தா, மூணு வருஷத்துல 39, 40 பேருக்குக் கிட்டப்பார்வை வருது. தினமும் கூடுதலா வெளியே போனா 30 பேருக்கு வருது. நூத்துக்கு ஒன்பது பேர் தப்பிக்கிறாங்க.”

இந்த வடிவம் இன்னும் இரண்டு உண்மைகளைத் தானாகவே சொல்லிவிடுகிறது. நூற்றில் 60 பேருக்கு எப்படியும் வந்திருக்காது. 30 பேருக்கு வெளியே விளையாடியும் வந்தது. அந்த ஒன்பது பேரில் இவர் பிள்ளை ஒருவரா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. “என் பொண்ணு தினமும் கிரவுண்டுல ஓடுறா, இருந்தும் கண்ணாடி வந்துடுச்சே” என்று இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் வந்து கேட்டால், நீங்கள் சொன்னது பொய்யாகாது.

எண்களைச் சொல்லும்போது மூன்று பழக்கங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

• எப்போதும் இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். “ஒன்பது பேர் குறைவு” என்பதோடு, எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்பதும் வர வேண்டும்.

• கீழ் எண்ணை மாற்றாதீர்கள். ஒரு வாக்கியத்தில் நூறில், அடுத்ததில் ஆயிரத்தில் என்று தாவினால் கேட்பவர் வழி தவறுவார்.

• காலத்தைச் சேருங்கள். மூன்று ஆண்டில் கிடைத்த பலனை ‘ஒரு மாசத்துல தெரியும்’ என்று யாரும் எதிர்பார்க்கும்படி விடாதீர்கள்.

5. எவ்வளவு உறுதி என்பதையும் சொல்லுங்கள்

எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லக் கூடாது. கிட்டப்பார்வையைப் பற்றித் தெரிந்தவற்றை மூன்று படிகளில் அடுக்கிக் காட்டுகிறோம்.

*உறுதியாகச் சொல்லலாம்:* வெளியில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளில் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது. ஊர்களை ஒப்பிட்ட ஆய்வும் சொல்கிறது, குலுக்கல் முறைச் சோதனையும் சொல்கிறது. இந்தப் படிக்கு “தெரியும்” என்று பேசுங்கள்.

*நம்புவதற்குக் காரணம் இருக்கிறது:* வெளிச்சம்தான் இதற்குக் காரணம் என்பது. திறந்தவெளியின் பகல் வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பளிச்சென்ற வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் சுரந்து, கண் நீள்வதைத் தடுக்கிறது என்று கோழிக்குஞ்சுகளிடமும் பிற விலங்குகளிடமும் செய்த சோதனைகள் காட்டுகின்றன. பிள்ளைகளிடமும் அப்படியே நடக்கிறதா என்பது இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை. இந்தப் படிக்கு “இப்படி இருக்கலாம்னு நினைக்கிறாங்க” என்று பேசுங்கள்.

*ஆதாரம் போதாது:* ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வை கூடுவதை வெளியில் விளையாடுவது தடுக்கும் என்பது. வருமுன் காப்பதற்கு இருக்கும் அளவு ஆதாரம் இதற்கு இல்லை. இந்தப் படிக்கு “அது சரியாத் தெரியலை, ஆனா விளையாடுறதால வேற நல்லது நிறைய இருக்கு” என்று பேசுங்கள்.

முதல் படிக்குரிய குரலில் மூன்றாம் படியைச் சொல்வதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. கண்ணாடி போட்ட பிள்ளையின் தாயிடம், “வெளியே விடுங்க, பவர் இறங்கிடும்” என்று ஆசை காட்டுவது அந்த வகை. இறங்காது. ஆறு மாதம் கழித்து அவர் உங்களை மட்டும் கோபிக்க மாட்டார்; ஆய்வு என்ற பேச்சையே தள்ளிவிடுவார்.

முன்கணிப்பையும் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். 2050ஆம் ஆண்டுக்குள் உலக மக்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. இப்போதைய போக்கு இப்படியே போனால் என்ன ஆகும் என்று போட்ட கணக்கு அது. நேரில் பார்த்து எண்ணிய கணக்குபோல அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

6. கலைச்சொற்களை எப்படிக் கையாள்வது?

கட்டுரைகளில் வரும் சொற்களுக்குப் பேச்சில் பயன்படுத்தக்கூடிய வடிவங்கள் சில:

• சமவாய்ப்புச் சோதனை: “யாருக்கு எதுன்னு குலுக்கல்ல போட்டுப் பிரிச்சாங்க.”

• கட்டுப்பாட்டுக் குழு: “ஒண்ணும் மாத்தாம வழக்கம்போல விட்ட பிள்ளைங்க.”

• புள்ளியியல் முக்கியத்துவம்: “இந்த வித்தியாசம் தற்செயலா வந்திருக்க வாய்ப்பு கம்மி.” ‘முக்கியமான வித்தியாசம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பெரிய வித்தியாசம் என்று கேட்கும்.

• தொடர்பு: “ரெண்டும் சேர்ந்து காணப்படுது, ஒண்ணாலதான் இன்னொண்ணு வருதான்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது.”

• டயாப்டர்: “பவர்.” பெற்றோர் வாயில் இருக்கும் சொல் இது. மாற்ற வேண்டியதில்லை.

தூய தமிழ்ச் சொல் என்பதற்காகவே ஒன்றைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம், ஆங்கிலம் கலந்திருக்கிறது என்பதற்காக ஒன்றை ஒதுக்கவும் வேண்டாம். கேட்பவர் வீட்டில் அந்தச் சொல் புழங்குகிறதா என்பதுதான் அளவுகோல்.

7. எழுதித் திருத்திப் பார்ப்போம்

பெற்றோர் கூட்டத்துக்கான துண்டறிக்கையின் முதல் வரைவு இது:

‘அண்மைக்கால ஆய்வுகளின்படி, புறவெளிச் செயல்பாடுகள் குழந்தைகளிடையே கிட்டப்பார்வைப் பாதிப்பை 23% குறைப்பதாக நிரூபிக்கப்பட்டுள்ளது. எனவே பெற்றோர் தங்கள் குழந்தைகளைக் கைப்பேசியிலிருந்து விலக்கி வெளியில் விளையாட அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

குறைகளைப் பார்ப்போம். எந்த ஆய்வு, யாரிடம், எவ்வளவு காலம் என்று எதுவும் இல்லை. 23 சதவீதம் எதில் குறைந்தது என்பது தெரியவில்லை. கைப்பேசியை விலக்குவது இந்தச் சோதனையின் பகுதியே அல்ல. எழுதியவர் தன் கருத்தை ஆய்வின் முதுகில் ஏற்றிவிட்டார். எவ்வளவு நேரம் என்ற, பெற்றோர் முதலில் தேடும் எண்ணும் இல்லை. கடைசி வாக்கியத்தில் அதட்டல் தொனிக்கிறது.

திருத்திய வடிவம்:

‘சிறு வயதில் பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. சீனாவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு, மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39 அல்லது 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்கு வந்தது. முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் செலவில்லாத வழி. ஓடி விளையாட வேண்டும் என்பதில்லை, மர நிழலில் இருந்தாலும் போதும். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளைக்கு இதனால் பவர் குறையாது. மருத்துவர் சொன்ன கண்ணாடியைத் தொடர்ந்து போட வேண்டும்.’

நீளம் கூடியிருக்கிறது. கூடிய ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பெற்றோரின் கேள்விக்குப் பதில். நிழலைப் பற்றிய வரி நம் ஊர் வெயிலை நினைத்துச் சேர்த்தது. 2018இல் வெளியான தைவான் சோதனையில், கடும் வெயில்தான் வேண்டும் என்பதில்லை, நிழலான வெளியிடத்தின் வெளிச்சமும் பயன்படுகிறது என்று கண்டார்கள். நம் வீட்டுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு ஆய்வுகளிலேயே விடை இருந்தால் தேடி எடுத்துச் சேருங்கள்.

8. எதிர்க்கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

“கண்ணாடி போட்டா பவர் ஏறாதா?” பிள்ளை வளர வளரக் கண்ணும் நீள்வதால் பவர் கூடுகிறது, கண்ணாடி போட்ட காலமும் அதே காலம் என்பதால் பழி கண்ணாடி மேல் விழுகிறது. மலேசியாவில் 94 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சரியான பவரும் மறுபாதிக்கு வேண்டுமென்றே சற்றுக் குறைந்த பவரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைத்துக் கொடுத்தவர்களுக்கு நன்மை இல்லை. அவர்களுக்குத்தான் பவர் சற்று வேகமாகக் கூடியிருந்தது. இந்த ஆய்வைத் தயங்காமல் சொல்லுங்கள். கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் வீடுகளுக்கு இது நேரடியான பதில்.

“பொன்னாங்கண்ணியும் கேரட்டும் கொடுத்தா கண்ணாடி கழன்றுடும்னு சொல்றாங்களே?” இங்கே பாட்டியைப் பொய்யாக்க வேண்டாம். கீரையிலும் கேரட்டிலும் வைட்டமின் ‘ஏ’ ஆக மாறும் சத்து இருக்கிறது. அந்தச் சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். பாட்டியின் அறிவுரைக்கு அங்கே நியாயம் உண்டு. கண்விழி நீண்டதைக் கீரை சுருக்காது. “கீரை குடுங்க பாட்டி, கண்ணாடியும் போடட்டும்” என்றால் இருவர் மனமும் கோணாது.

“எல்லாத்துக்கும் இந்தப் போன்தானே காரணம்?” நெருங்கிப் பார்க்கும் வேலைக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் போனில் போகும் நேரம் வெளியில் இருக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. கெடுதல் எதிலிருந்து எவ்வளவு வருகிறது என்று பிரிப்பது எளிதல்ல. பெற்றோருக்கு இப்படிச் சொல்லலாம்: “போனைக் குறைக்கிறது நல்லதுதான். ஆனா போனை வாங்கி வெச்சுட்டு டியூஷனுக்கு அனுப்பினா, வெளிச்சத்துல இருக்கற நேரம் கூடலையே.”

“அது சீனாவுல நடந்தது, நமக்கு எப்படிப் பொருந்தும்?” நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள். குவாங்சோவில் கிட்டப்பார்வை நம்மைவிட மிக அதிகம். ஆகவே ‘நூற்றுக்கு ஒன்பது’ என்ற அளவு இங்கே அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது, குறைவாக இருக்கலாம். ஆனால் டெல்லி ஆய்விலும் வெளியில் அதிக நேரம் விளையாடிய பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறைவாகவே இருந்தது. திசை ஒன்று, அளவு ஊருக்கு ஊர் மாறலாம்.

“யூடியூப்ல ஒருத்தர் கண் பயிற்சி பண்ணினா கண்ணாடியே வேண்டாம்னு சொல்றாரே?” சண்டை போடாதீர்கள். மூன்றாம் பகுதியின் ஐந்து கேள்விகளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். “யாருக்குப் பண்ணிப் பார்த்தாராம்? எத்தனை பேருக்கு? பண்ணாதவங்களோட ஒப்பிட்டாரா? எதை அளந்தாங்க, எத்தனை நாள்? என்ன கிடைச்சுது, என்ன கிடைக்கலை?” அடுத்த தடவை நீங்கள் சொல்வதற்கும் அதே ஐந்து கேள்விகளை அவர் கேட்பார். கேட்கட்டும்.

9. சொல்லி முடித்ததும் சரிபார்க்க

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, “வீட்டுல போய் அவர்கிட்ட எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் பின்வருபவை இருக்கின்றனவா என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளுங்கள்:

• என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம்.

• எவ்வளவு பலன் கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம் என்பது.

• யாருக்கு இது பொருந்தாது.

• இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது, ஒரு வாக்கியத்திலாவது.

விட்டுப்போனது அவர் குறையல்ல. நாம் சொன்னதில் தெளிவில்லாத இடம். அந்த இடத்தை மட்டும் வேறு சொற்களில் மறுபடி சொல்லுங்கள்.

பயிற்சி

கீழே இருப்பது வேறொரு ஆய்வு. இதை ஆறு வயது, எட்டு மாதம் என இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு தாய்க்குச் சொல்வதாக நினைத்து, எட்டு வாக்கியங்களுக்குள் பேச்சுத் தமிழில் எழுதுங்கள்.

லண்டனில் நடந்த இந்த ஆய்வு 2015இல் வெளியானது. 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை, அல்லது இரண்டும் இருந்தன. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வேர்க்கடலை உணவைத் தவறாமல் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. தொடக்கத்தில் தோல் சோதனையில் கடலைக்கு எதிர்வினை காட்டாத 530 பேரில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கும் சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது. அதற்கு முன்பு, 2000ஆம் ஆண்டில், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலை கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லியிருந்தது. 2008இல் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது.

எழுதி முடித்ததும் இந்த நான்கு இடங்களைத் தேடுங்கள். இவை ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகள் என்பதைச் சொன்னீர்களா? நூற்றுக்குப் பதினாலு, நூற்றுக்கு ரெண்டு என்று இரண்டு பக்கத்தையும் சொன்னீர்களா? கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றும், முழுக் கடலை கைக்குழந்தைக்கு மூச்சடைக்கும் என்றும் எச்சரித்தீர்களா? பழைய அறிவுரை ஏன் மாறியது என்பதை ஒரு வாக்கியத்தில் விளக்கினீர்களா? நான்காவது விடுபட்டிருந்தால் குறிப்பை முதலிலிருந்து எழுதுங்கள். பழைய அறிவுரையைக் கேட்டு மூத்த பிள்ளையை வளர்த்தவர் அந்தத் தாய் என்றால், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.